யாரும் அழுத்தாத பொத்தான்

1

இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம். நான் எழுத வேண்டியிருந்தது வேறொரு கதை. அதைத் தட்டிக்கழிக்க வழி தேடிக் கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மின் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு கண்ணில் பட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பொழுது போகாதவர்கள் வாங்கிப் போய் விளக்கை மினுக்கிப் பார்ப்பதற்கானது. கூடவே சட்டைப் பொத்தான் அளவில் ஓர் அழுத்துபொத்தான், ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கு, கம்பிகளைச் செருகத் துளைகள் நிறைந்த வெள்ளைப் பலகை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். முதல் பாடம் அவ்வளவுதான். எட்டு வயதுக் குழந்தைகளும் செய்யலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது.

கடைக்காரர் கடைசியில் அரிசி நீளத்தில் ஒரு ரெசிஸ்டரைக் காகிதத்தில் சுருட்டி நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போங்க சார். இது இல்லைன்னா பொத்தான் உங்க பேச்சைக் கேக்காது." காசு வேண்டாம் என்றார். இலவசமாகக் கொடுப்பது எதுவும் முக்கியமாக இருக்காது என்று நினைக்கிற ஜாதி நான். அதைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்பிகளைச் செருகினேன். நான் கையைத் தூக்குவதற்குள் விளக்கு எரிந்தது.

"யாரு?" என்று கேட்டேன்.

வாய்விட்டுத்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, கடைக்காரரிடம் பேசியதை விட்டால் இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். விளக்கைப் பார்த்து யார் என்று கேட்கிற ஆள் எப்படி வாழ்கிறான் என்று புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவது. அப்படித்தான் ஒரு மகளும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள்.

2

கதைக்குள் போவதற்குமுன் ஒரு சின்னப் பாடம். பயப்பட வேண்டாம், அரைப்பக்கம்கூட வராது.

போர்டுக்குப் பக்கவாட்டில் வரிசையாகக் கால்கள் உண்டு. அதில் ஒரு காலில் பொத்தானைக் கட்டுகிறோம். அந்தக் கால் ஓயாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்: அழுத்தினார்களா, இல்லையா? அழுத்தினால் மின்சாரம் வந்து 'ஆம்' என்கிறது. அழுத்தாதபோது 'இல்லை' என்று சொல்லவும் யாராவது வேண்டுமே? ரெசிஸ்டரின் வேலை அதுதான். அது இல்லாவிட்டால் கால் அந்தரத்தில் தொங்கும். மின்விசிறி ஓடினால், பக்கத்தில் மோட்டார் போட்டால், யாராவது கம்பியைத் தாண்டி நடந்தால்கூட, தன்னைத்தான் யாரோ அழுத்துவதாக நினைத்துக்கொள்ளும்.

இல்லை என்று சொல்ல ஆள் இல்லாத வீட்டில் எல்லாச் சத்தமும் ஆம் என்றுதான் கேட்கும்.

(இந்த வரியை எழுதியதும் எனக்கே பிடித்துப்போயிற்று. அடுத்த நாள் படித்தபோது கொஞ்சம் அலட்டலாகத் தெரிந்தது. ஆனாலும் விட்டுவைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் தாண்டிப் போய்விடுங்கள்.)

3

தொடக்கம் ஒன்று:

[பேருந்தின் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் அட்டைப் பெட்டி. வெளியே மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்த]

நிறுத்திவிட்டேன். பேருந்து ஜன்னலில் ஒரு பெண்ணை உட்காரவைத்து மழையையும் வரவழைத்தால் எனக்கு வேலை மிச்சம், உங்களுக்குக் கொட்டாவி.

தொடக்கம் இரண்டு:

[அம்மா போன பிறகு அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அல்லது பேச ஆள் குறைந்து]

இதில் பொய் இல்லை. ஆனால் முதல் வரியிலேயே உங்கள் கண்ணைக் கசக்கச் சொல்வது முறையில்லை.

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்:

ரெசிஸ்டர் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடிவிட்டது.

மறுநாள் காலை ஆறே காலுக்குப் பேருந்து. அவள் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தை அடித்துத் தேடினாள். தூசியும் ஒற்றைக் காலுறையும் எப்போதோ தொலைந்த பேனா மூடியும் கிடைத்தன. ரெசிஸ்டர் கிடைக்கவில்லை. எழுந்து, அது இல்லாமலே கம்பிகளைச் செருகிப் பார்த்தாள். அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. பத்து முறை, இருபது முறை அழுத்திப் பார்த்தாள். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. இது இல்லாமலே வேலை செய்கிறதே, பிறகு எதற்கு என்று பெட்டியை மூடினாள்.

குற்றம் என்று சொல்ல வேண்டுமானால் இந்த ஒன்றுதான். இதை நானும் செய்தேன், நீங்களும் செய்வீர்கள்.

4

அவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதில் எனக்கும் எனக்கும் சண்டை. முதல் வரைவில் ஆசிரியை. பிறகு தையல் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். இரண்டிலும் அவள் ஏனோதானோவென்று இருந்தாள். மூன்றாவதாகச் செவித்திறன் சோதிக்கும் மருத்துவமனை ஒன்றில் உட்காரவைத்தேன், ஆளுக்கு உயிர் வந்துவிட்டது.

அங்கே ஒரு கண்ணாடி அறை. காது மந்தமானவர்களை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே அவள் மேசையில் ஒரு விளக்கு எரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம்: விளக்கை அப்படியே நம்பாதே. நடுவில் சத்தமே கொடுக்காமல் சும்மா இரு. அப்போதும் விளக்கு எரிந்தால் அந்த ஆள் காதால் கேட்கவில்லை, ஆசையால் கேட்கிறார்.

"கதைக்கு ரொம்ப வசதியா இல்ல இருக்கு இந்த வேலை?" என்றாள் என் அக்கா. மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன எழுதுகிறாய் என்று கேட்கிற ஒரே ஜீவன். வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க அடுத்தவர்களின் விளக்கைச் சந்தேகப்படுகிறவள், தன் வீட்டு விளக்கை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. அதைச் சொல்ல எனக்கு இந்த வேலைதான் வேண்டியிருந்தது.

அப்பாவைப் பற்றி எந்தச் சண்டையும் இல்லை. அவர் லிஃப்ட்காரராகவே வந்தார். ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம், கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்டுக்குள் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்களை ஏற்றி இறக்கியவர். யாராவது ஏதோ ஒரு மாடியில் நின்று பொத்தானை அழுத்தினால், உள்ளே அவர் தலைக்கு நேரே பலகையில் அந்த மாடியின் விளக்கு எரியும். அவர் போவார். உள்ளே விளக்கு எரிந்தால் வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். முப்பத்தொரு வருடம் அவர் படித்த பாடம் அது ஒன்றுதான்.

அவர் ஓய்வு பெற்ற அன்று கட்டடத்துக்காரர்கள் புது லிஃப்ட் போட்டார்கள். ஸ்டூலை என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். (தேவைப்படும் என்று சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.)

5

இனிக் கதையை நேராகச் சொல்கிறேன்.

அம்மா இறந்தபின் அவள் தினமும் காலையில் அப்பாவைக் கூப்பிட்டாள். வேலை இருந்த ஊரிலிருந்து அப்பா வீட்டுக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். நினைத்தபோது போய்வர முடியாது. எழுந்தாச்சா, சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று மூன்று கேள்வி. ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்று மூன்று பதில். இரண்டு நிமிடம் தாண்டாது. ஒருநாள் அவர் போனை எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த இருபது நிமிடம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் பொத்தான் யோசனை வந்தது. வீடியோக்களைப் பார்த்துத் தானே செய்தாள்.

ஏற்பாடு இதுதான். அப்பாவின் கட்டிலருகே ஒரு பொத்தான். அங்கிருந்து இரண்டு ஆள் நீளத்துக்குக் கம்பி சுவரோரமாக ஓடி, மேசைமேல் இருக்கும் பெட்டிக்குப் போகும். அவர் காலையில் எழுந்ததும் அழுத்தினால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு ஒரு நிமிடம் எரியும். அதே நேரம் இணையம் வழியாக அவள் அறையில் இருக்கும் இன்னொரு பச்சை விளக்கும் எரியும். எரிந்தால் அப்பா சுகம். எரியாவிட்டால் ஏதோ கோளாறு.

பெட்டியைப் பொருத்திவிட்டு அவள் விளக்கியபோது நேரமாகிவிட்டிருந்தது. ஒரு கையில் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள், விளக்கு எரிஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தம்ப்பா. அப்பா தலையாட்டினார். அவளுக்கு முன்னால் ஒருமுறை அழுத்திக் காட்டினார், எரிந்தது. கிளம்பிவிட்டாள்.

அவள் அறையின் மேசையில் நல்ல பிள்ளையாக இருந்த பொத்தான், அப்பா வீட்டு நீளக் கம்பியில், மின்விசிறியின் ஒயருக்குப் பக்கத்தில் படுத்ததும் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

மறுநாள் காலை சரியாக ஆறு மணிக்கு அவள் அறையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பா எவ்வளவு ஒழுங்கு என்று நினைத்தாள். மாலை ஆறுக்கும் எரிந்தது. இரவு சாப்பிடும்போது மூன்று முறை. ஒரு விடுமுறை நாளில் எண்ணினாள், இருபத்திரண்டு முறை. முதலில் மனசு இளகியது. பேச்சே வராத மனுஷன், விரலால் பேசுகிறார். பிறகு கொஞ்சம் உறுத்தியது, இவ்வளவு தனியாகவா இருக்கிறார்? அதற்கும் பிறகு, உள்ளதைச் சொல்வதென்றால், பழகிவிட்டது. விளக்குதான் எரிகிறதே என்று தினசரி அழைப்பு ஞாயிற்றுக்கிழமை அழைப்பானது. ஞாயிறு, ஒன்று விட்டு ஒரு ஞாயிறானது. அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குப் பச்சையாக ஒரு பதில் கிடைத்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று.

6

ஒரு விடுமுறை நாள். அப்பாவுக்குச் சட்டை வாங்கலாம் என்று அறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தவள், அளவு ஞாபகம் இல்லாமல் அவரைக் கூப்பிட்டாள். நாற்பதாப்பா, நாற்பத்திரண்டா?

"அப்புறம் பேசட்டுமாம்மா? முடிவெட்டற கடையில இருக்கேன். கத்தி கழுத்துல இருக்கு."

பின்னால் முடிவெட்டுகிறவரின் குரல் கேட்டது. பொண்ணா சார், ஒரு நாளைக்கு இருபது தடவ கூப்பிடுமே அந்தப் பொண்ணா என்று. அவளுக்கு அது புரியவில்லை. யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். சரிப்பா என்று போனை வைக்கப் போன நேரத்தில், எதிரே மேசையில் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்பா, வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாரு இருப்பா? பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

விளக்கு ஒரு நிமிடம் முழுதாக எரிந்து அணைந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி அறைக்கு வெளியே தினமும் தான் செய்கிற சோதனை அது. சத்தமே கொடுக்கவில்லை, விளக்கு எரிந்துவிட்டது. நான்கு மாதத்தில் எத்தனை விளக்கு அப்பாவுடையது, எத்தனை யாருடையதும் இல்லை? நடுவில் ஒருநாள் அவர் குளியலறையில் விழுந்து கிடந்திருந்தால்கூட ஆறு மணிக்கு இங்கே பச்சையாக எரிந்திருக்கும். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாள்.

கட்டிலை நகர்த்தினாள். சுவரோரம் தூசிக்குள் அந்த ரெசிஸ்டர் கிடந்தது. துடைத்து, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை பேருந்து ஏறினாள்.

(ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள். மழை இல்லை.)

7

எனக்கு இங்கேயே கதையை முடித்துவிட ஆசையாக இருந்தது. அவள் போகிறாள், மாட்டுகிறாள், சரியாகிறது, சுபம். ஆனால் அவளை வீட்டுக்குள் அனுப்பிய பிறகு அப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்வார் என்று அதுவரை எனக்கும் தெரியாது. சத்தியமாக.

அவள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து. மத்தியானத்திலிருந்து மின்சாரம் இல்லை, பெட்டி செத்துக் கிடந்தது. அப்பாதான் கதவைத் திறந்தார். சொல்லாமல் வந்திருக்கியே என்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். கழுத்தோரம் முடி ஒட்ட வெட்டியிருந்தது. அவள் நினைத்திருந்ததைவிட மெலிந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் அந்த லிஃப்ட் ஸ்டூல் போட்டிருந்தது. பலகையின் நடுவில் துணி மடித்துப் போட்டு உட்காரத் தோதாக வைத்திருந்தார்.

பெட்டியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"காலையில எந்திரிச்சதும் இதை அழுத்தறீங்களாப்பா?"

"நான் எதுக்கு அழுத்தணும்? நீதான் அழுத்திடறியே."

"நானா?"

"நான் எந்திரிக்கறதுக்குள்ள லைட் எரியுது. எரியற லைட்டை எவனாவது திரும்ப அழுத்துவானா? லிஃப்ட்ல அதெல்லாம் புதுசா வர்றவங்க பண்ற வேலை." கொஞ்சம் சிரித்தார். "பக்கத்து வீட்டுல மோட்டார் போடுவாங்க, நீயும் கரெக்டா வந்துடுவே. காலையில ஆறு, சாயங்காலம் ஆறு. வேலை முடிஞ்சு வந்ததும் முதல் வேலையா அப்பாவைக் கூப்பிடறே. செருப்பைக்கூடக் கழட்டியிருக்க மாட்டே."

அவள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன், வந்து பக்கத்துல உக்காருவேன். கூப்பிட்டா போகணும்ல."

அடுப்படியில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வருவாராம். படுத்திருந்தால் எழுந்து வருவாராம். ஒரு நிமிடம் எரிந்து அணையும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாராம். முதல் மாதம் எழுந்து வர முட்டி வலித்ததாம், இப்போது அதுவே பழகி, கால் நன்றாகிவிட்டதாம். போனில் நீ ரொம்பப் பேசறது இல்லை, பரவாயில்லை, உனக்கு வேலை இருக்கும், ஆனா ஞாபகம் வச்சிருக்கே என்றார். தேநீர் போட எழுந்து போனார்.

முடிவெட்டுகிறவர் எந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

8

இனி என் பாடு திண்டாட்டம். உங்களிடம் மறைக்காமல், எழுதிப் பார்த்த முடிவுகளை வரிசையாக வைக்கிறேன்.

முதல் முடிவு. அவள் உண்மையைச் சொல்கிறாள். அப்பா மெல்லச் சிரித்து, "தெரியும்மா" என்கிறார். இதை எழுதி முடித்து ஒரு மணி நேரம் பெருமையாக உலாவினேன். பிறகு கிழித்துப்போட்டேன். கதைகளில் வரும் வயதானவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எழுதுகிறவன் தன் பாரத்தை இறக்கிவைக்க அதைவிட லேசான வழி இல்லை. என் லிஃப்ட்காரருக்குத் தெரியாது. நான்கு மாதமாக மகள் கூப்பிட்டாள் என்றுதான் அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் அவருக்கு முட்டிவலி போயிருக்கிறது.

இரண்டாம் முடிவு. எதையும் தொடாமல் திரும்பிப் போகிறாள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும், அப்பா சந்தோஷமாக இருக்கட்டும். என்றைக்காவது ஒருநாள் அவர் குளியலறையில் வழுக்கி [

இதற்குமேல் எழுத முடியவில்லை. அடைப்புக்குறியைக்கூட மூட மனசு வரவில்லை.

மூன்றாம் முடிவு என் அக்கா சொன்னது. "இதுல என்ன குழப்பம்? அந்த ரெசிஸ்டரை மாட்டச் சொல்லு. அவ பக்கமும் ஒரு பொத்தான் வைக்கச் சொல்லு. நெசமாவே கூப்பிடட்டும்." என்னைவிட அக்காவுக்குத்தான் எப்போதும் மூளை அதிகம். எழுத உட்கார்ந்தேன். அவள் பக்கமும் ஒரு பொத்தான் வைத்தேன். முதல் நாள் பதினைந்து முறை அழுத்தினாள். ஒரு வாரம் கழித்து ஆறு முறை. ஒரு மாதம் கழித்து? கண்ணாடி அறையும் நோயாளிகளும் பேருந்து நெரிசலும் உள்ள ஒரு பெண், மனதார, ஒரு நாளைக்கு எத்தனை முறை தன் அப்பாவை நினைப்பாள்? இரண்டு முறை நினைத்தாலே நல்ல மகள். ஆனால் அந்தத் தொங்கும் கம்பி இருபத்திரண்டு முறை நினைத்துக்கொண்டிருந்ததே. இருபத்திரண்டு இரண்டாகக் குறைந்தால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் என்ன நினைத்துக்கொள்வார்? கம்பியைச் சரிசெய்தார்கள் என்றா? மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றா? தன்மேல் பிரியம் போய்விட்டது என்றா?

அக்காவிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீ கடைசியா என்னை எப்ப கூப்பிட்டே?" என்று கேட்டாள்.

எப்போதும் அவள்தான் கூப்பிடுகிறாள். அதைச் சொல்லவில்லை. கதை முடியட்டும் என்றேன். அது ஒரு சப்பைக்கட்டு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

9

என் கையில் இருப்பது இந்தக் காட்சி மட்டும்தான். இதுவரைக்கும் எனக்கு நிச்சயம்.

ஐந்தரைக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெட்டிக்கு உயிர் வந்தது, ஆனால் விளக்கு எரியவில்லை. அப்பா இரண்டு தம்ளர் தேநீரோடு வந்து ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு மின்விசிறி ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் அவசரமாக, வேண்டாம்ப்பா, எனக்குக் குளிருது என்றாள். அவள் நெற்றியில் வியர்த்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டில் மோட்டார் போடுவார்கள். போட்டால் விளக்கு எரியும். மகள் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவர் கண்முன்னால் எரியும். அதைப் பார்த்த பிறகு நான்கு மாதத்தில் எரிந்த ஒவ்வொரு விளக்கையும் அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப அணைக்க வேண்டியிருக்கும்.

ரெசிஸ்டரை மாட்டிவிட்டால் எரியாது. நீதான் இங்கே இருக்கியே, அங்கே யார் அழுத்துவா என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். இன்றைக்குத் தப்பித்துவிடலாம். திங்கட்கிழமை அவள் ஊருக்குப் போவாள். அன்று மாலை ஆறு மணிக்கு அந்த விளக்கு எரிய ஒரே வழிதான் மிச்சம் இருக்கும். அது அவள், அவள் பக்கம் வைக்கிற பொத்தான்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து.

அப்பா தன் தம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார். மகளுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், பெட்டியின் பக்கத்தில் லிஃப்ட் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார்.

"நான்தான் இங்க இருக்கேனேப்பா."

"தெரியும். இந்த நேரத்துக்கு இங்க உக்காந்தே பழகிப்போச்சு. நீ குடி, ஆறிடும்."

அவள் எழுந்து அவருக்கு அருகில் வந்து நின்றாள். துடைக்கத் திறந்த பெட்டியின் மூடி இன்னும் திறந்தே இருக்கிறது. பர்ஸிலிருந்து எடுத்த ரெசிஸ்டர் அவள் உள்ளங்கையில் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பற்றவைக்கத் தேவையில்லை, இரண்டு துளை, இரண்டு முனை, மூன்று நொடி வேலை. தூசி இருக்குப்பா என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிடலாம். அல்லது, அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பிக்கலாம். அதற்கும் மூன்று நொடிதான்.

முடிவை உங்களிடம் தள்ளிவிட்டு நழுவுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நழுவத்தான் செய்கிறேன். என் சட்டைப் பையில் கடைக்காரர் கொடுத்த காகிதச் சுருள் இன்னும் அப்படியே இருக்கிறது. என் மேசையில் விளக்கு இன்றும் தானாக எரிந்துகொண்டிருக்கிறது. இந்தப் பகுதியை எழுதும்போது மட்டும் நான்கு முறை எரிந்தது. நான்கு முறையும் நிமிர்ந்து பார்த்தேன். தன் விளக்கையே சரிசெய்யத் துணியாதவன், அவள் கையைப் பிடித்து எந்தத் துளையில் செருகு என்று சொல்ல முடியாது. உங்களுக்குத் துணிச்சல் இருக்கலாம். யாரையாவது நீங்களே கூப்பிடுகிறவராகவும் இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அப்பா விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் அப்பாவின் கழுத்தில் ஒட்ட வெட்டிய முடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் வாய் கொஞ்சம் திறக்கிறது, கை கொஞ்சம் நகர்கிறது, எது முந்தியது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் போடப் படியிறங்கி வருகிறார்கள். செருப்புச் சத்தம் கேட்கிறது.